நடுப்பள்ளம்

ஆடக்கூடாதுன்னு சொன்னாலும் சொன்னாங்க, அந்த நிமிஷத்துல இருந்து மூக்கு நுனி அரிக்குது, அடுத்து முழங்கை, அப்புறம் எங்கேன்னே சொல்ல முடியாத ஒரு இடம், முப்பத்தொரு வருஷமா அரிக்காத இடமெல்லாம் இந்த எம்ஆர்ஐ குழாய்க்குள்ள வந்துதானா அரிக்கணும், சும்மா கிட தமிழரசி, பிள்ளைங்களை எத்தனை தடவை அதட்டியிருப்ப, அசையாம உட்காருங்கன்னு, இப்ப உன் முறை. இடது பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வச்சு, முதுகுக்குத் தலையணை கொடுத்து, வயித்து மேல பலகை மாதிரி எதையோ வச்சுக் கட்டி, காதுல பஞ்சை அடைச்சு உள்ள தள்ளிட்டாங்க. முழங்காலுக்குக் கீழ மட்டும்தான் வெளிய இருக்கு. அங்க ஸ்டூல் போட்டு அத்தை உட்கார்ந்திருக்காங்க, என் மாமியார் பச்சையம்மாள், எம்மருமகளைத் தனியா விடமாட்டேன்னு மெஷின் பார்க்கிற ஜான்சிகிட்ட ஒரு மூச்சு சண்டை போட்டு, அதுக்காகத் தோடு, மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி, ரவிக்கை ஊக்கு வரைக்கும் கழட்டிக் கொடுத்துட்டு, அவங்க காதுலயும் பஞ்சோட. அவர் வெளிய பெஞ்சுல. ஆம்பளை உள்ள வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல, அத்தைதான் சொன்னாங்க. நாற்பது நிமிஷம் ஆகும்னு ஜான்சி சொல்லிட்டா. நாற்பது நிமிஷம்னா ஒரு பீரியடு. ஒரு பீரியடு தாங்கமாட்டேனா என்ன. டக் டக் டக் டக், அம்மாடி, ஆரம்பிச்சிட்டான், பல்லெல்லாம் அதிருது, வயித்துக்குள்ளயும் ஒரு உதை, பாப்பா முழிச்சிடுச்சு. பயமான்னு கேட்டா பயம்தான், ஆறு நாளா சோறு இறங்கல, ஆனா அந்தப் பயத்துக்கு மேல ஏறி ஒரு பரபரப்பு உட்கார்ந்திருக்கே, அதை என்ன செய்ய, என் வயித்துக்குள்ள இருக்கிற என் உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு தலை, அதுக்குள்ள இருக்கிற மூளை, அதும் மேல வரி விழுந்திருக்கா இல்லையான்னு இந்த நிமிஷம் பக்கத்து ரூம்ல கண்ணாடிக்குப் பின்னால டாக்டர் மெர்சி பார்த்துட்டிருக்காங்க, நினைச்சாலே உடம்பு புல்லரிக்குது.

வழவழன்னு இருக்கு. அதான் சொன்னாங்க, ஆறு நாள் முன்னாடி, சாதா ஸ்கேன்ல. இருபத்தெட்டாவது வாரத்துக்கு மூளையோட மேற்பரப்பு ரொம்ப வழவழன்னு இருக்கும்மா, மடிப்பு விழற வேகம் பத்தல, தலையும் சின்னது, உடம்பும் சின்னது. வழவழ. பாத்ரூம் டைல்ஸைச் சொல்லலாம், வெண்டைக்காயைச் சொல்லலாம், என் பிள்ளை மூளையையா சொல்றது? அன்னைல இருந்து அந்த ஒரு சொல்லு தொண்டையில மீன் முள்ளு மாதிரி சிக்கிட்டு இறங்கவும் இல்ல வரவும் இல்ல. நான் விலங்கியல் டீச்சர். வருஷா வருஷம் போர்டுல மூளை வரையறவ. மேல ஒரு பெரிய உருண்டை, அதுக்குள்ள சாக்பீஸை வச்சு இஷ்டத்துக்கு நெளி நெளியா ஒரு இழு, இடியாப்பம் பிழிஞ்ச மாதிரி, அதுக்கு அம்பு போட்டு மேடு, பள்ளம்னு எழுதிட்டா முடிஞ்சுது. போன வருஷம் பிளஸ் டூ பிள்ளை ஒருத்தி, வினோலியா, எழுந்து கேட்டா, மிஸ், இந்தக் கோடெல்லாம் கணக்கா இருக்கா, சும்மா எப்படி வேணாலும் போடலாமா? எப்படி வேணாலும் போடும்மா, மார்க் வந்துடும்னேன். ஐயோ வாயே, வாயே! எப்படி வேணாலும் இல்லடி வினோலியா, ஒவ்வொண்ணுக்கும் இடம் இருக்கு, பேர் இருக்கு, அது வந்து சேர்ற வாரம் இருக்கு. ஆறு நாள்ல உங்க மிஸ் இருபது வருஷப் பாடம் படிச்சிட்டா.

சொல்லட்டுமா, மனப்பாடமாச் சொல்றேன். பத்தாவது வாரம் வாக்குல மூளை ரெண்டு பாதியாப் பிரியுது, நடுவுல நெடுகப் பிளவு. பதினாறுல ரெண்டு பக்கத்துலயும் லேசா ஒரு குழி, அதுதான் பின்னாடி காதுக்கு மேல ஓடுற பக்கவாட்டுப் பிளவு. இருபதுல பின்பக்கம் ஒரு வெட்டு. இருபத்திரெண்டுல அதுக்குக் கீழ பார்வைக்கான பள்ளம், இன்னும் கண்ணே திறக்கல, அதுக்குள்ள பார்க்கறதுக்கு இடம் ஒதுக்கியாச்சு, என்ன ஒரு ஏற்பாடு பாருங்க! அப்புறம் இருபத்திநாலு, இருபத்தஞ்சுல நடுப்பள்ளம், உச்சியில இருந்து காதுப் பக்கமா இறங்குற கோடு, முதல்ல நகத்தால கீறின மாதிரிதான் தெரியுமாம். இருபத்தெட்டுல அதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, துணைக்கு வந்துடும். அதுக்கப்புறம் கிளை, கிளைக்குக் கிளை, பிறந்த பிறகும் கூட. மண்டை ஓடு சின்னது, மூளைத் தோல் பெருசு, பெரியவங்களுது விரிச்சா செய்தித்தாள்ல ஒரு முழுப் பக்கம் வருமாம், அதை எங்க கொண்டு வைக்க, மடிச்சு மடிச்சுத்தான் வைக்கணும், மூணுல ரெண்டு பங்கு பள்ளத்துக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. ஆளுக்கு ஆள் மடிப்பு வேறயாம், ஒரே ஆளுக்கே இடது வேற வலது வேற. ஆனா நடுப்பள்ளம் எல்லாருக்கும் உண்டு. அதுக்கு முன்பக்கத்து மேடு அசைக்கச் சொல்லும், பின்பக்கத்து மேடு பட்டதைச் சொல்லும். சூடு, குளிர், முள்ளு, முத்தம் எல்லாம் அங்கதான் போய்ச் சேரணும். உடம்பு அதுல தலைகீழாப் படுத்திருக்கு, முகம் கீழ, கை நடுவுல, கால் உச்சியில, உச்சியும் தாண்டி ரெண்டு பாதி மூளையும் முகம் பார்த்துக்கிற உள்பக்கத்துல. அவர் கால் வெந்தப்ப அந்தச் சேதி அங்கதான் போய் விழுந்திருக்கும். கால். வேணாம், காலைப் பத்தி இப்ப நினைக்க வேணாம், பாடத்தைச் சொல்லு, பத்துல நெடும் பிளவு, பதினாறுல பக்கவாட்டு, இருபதுல...

"தமிழரசி, நல்லா இருக்கீங்களா?" ஜான்சி குரல், குழாய்க்குள்ள எங்கிருந்தோ. இருக்கேன்மான்னு கத்தினேன். "குழந்தை சுத்திக்கிட்டே இருக்கு, படம் கலையுது. கொஞ்சம் பொறுத்து எடுப்போம்." சுத்தட்டும், சுத்தட்டும், சுத்தற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. அத்தை கீழ இருந்து, "என்னாடி சொல்றா?"ங்கறாங்க. "ஒண்ணும் இல்லத்தை, விளையாடுதாம்." "என் புள்ளையும் அப்படித்தான், வயித்துல இருந்த வரைக்கும் ஒரு எடத்துல நிக்கல." அவர் இன்னைக்கும் அப்படித்தான், லைன்மேன் வேலை, கம்பம் கம்பமா ஏறி இறங்குவார், நின்ன இடத்துல நிக்க மாட்டார், அந்த மனுஷனை இருபத்தோரு நாள் கட்டில்ல படுக்க வச்சது எது, சரி, வந்துடுச்சு, எங்க சுத்தினாலும் கால்லதான் வந்து நிக்குது. நினைச்சுத்தான் தொலையேன்.

சித்திரை நாலு. எங்க ஊர் திரௌபதை அம்மன் கோயில்ல காப்புக் கட்டின நாள். கல்யாணம் ஆகி நாலு வருஷம், பிள்ளை இல்ல, இந்த வருஷம் தீ மிதிக்கறேன்னு அவர் வேண்டிக்கிட்டு மத்தியானம் மஞ்சத்துணியோட போய்க் காப்புக் கட்டிக்கிட்டார். காப்புக் கட்டிட்டா அந்த வீட்டுப் பொம்பளைங்க ஒதுங்குற நாள் வந்தா வீட்டுல இருக்கக் கூடாது, ஊரை விட்டே போயிடணும், நான்னா திண்டிவனத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போகணும். அன்னைக்குச் சாயங்காலம் விடைத்தாள் திருத்துற முகாம்ல இருந்து வீட்டுக்கு வந்து பாத்ரூம் போனேன், வந்திருந்துது. வெளிய அத்தை அவர் வேட்டிக்கு மஞ்சத்தண்ணி கரைச்சுக்கிட்டே பாடிட்டிருக்காங்க. பாட்டு! அவங்க பாடி நான் கேட்டதே இல்ல. இந்த வருஷம் அம்மன் கண்ணைத் திறந்துடுவா, பாருன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்றது கேட்குது. எப்படி வெளிய வந்து சொல்றது, இந்த மாசமும் இல்லைன்னு? அந்த முகம் விழறதை நாற்பத்தெட்டு மாசம் பார்த்தவ நான், நாற்பத்தொன்பதாவது தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. சொல்லல. அவ்வளவுதான். மூணு நாள் வயித்து வலியைப் பல்லைக் கடிச்சு முழுங்கிட்டு, பஞ்சு மாத்தினதைப் பேப்பர்ல சுத்தி, சாப்பாட்டுப் பைக்குள்ள டிபன் பாக்ஸுக்கு அடியில வச்சு விழுப்புரத்துக்குக் கொண்டு போய், முகாம் நடந்த பள்ளிக்கூடத்துல போட்டுட்டு வந்தேன். சோத்துப் பையில! அதே கையால வந்து விளக்கும் ஏத்தினேன். பத்தாம் நாள் தீமிதி. அவர் இறங்கினார், நாலாவது அடியில தடுமாறினார், ஒரு நொடி, ஒரே நொடி நின்னார், ரெண்டு உள்ளங்காலும் வெந்து தோல் உரிஞ்சு போச்சு. எந்த வீட்டுலயோ தீட்டு கலந்திருக்குன்னு ஊர் பெரியவங்க தெருத் தெருவா விசாரிச்சாங்க. அத்தை நடுத்தெருவுல நின்னு, எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல, எம்மருமக ஒதுங்கவே இல்லன்னு அடிச்சுச் சொன்னாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னேன்.

அப்புறம் என்ன ஆச்சு, பொய்க்கு உயிர் வந்துடுச்சு. ஒதுங்கலைன்னா நாள் தள்ளிப் போயிருக்குன்னுதானே அர்த்தம், அத்தை விரல் விட்டு எண்ணிட்டாங்க, பங்குனி ஆறுக்கு அப்புறம் இல்ல, இவ முழுகாமத்தான் இருக்கா! கால்ல கட்டோட கிடந்த மனுஷன் அதைக் கேட்டுச் சிரிச்சார் பாருங்க, அந்தச் சிரிப்பை எப்படிப் பிடுங்கறது? அடுத்த வாரம் சொல்லிடலாம், அடுத்த வாரம் கலைஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம்னு தள்ளித் தள்ளி, அவருக்குக் கால்லதானே கட்டு, வைகாசியில நிஜமாவே வரல. வரவே இல்ல! நர்ஸு வீட்டுக்கு வந்து சோதிச்சா, ரெண்டு கோடு. நான் அழுத அழுகையைப் பார்த்து எல்லாரும் சந்தோஷத்துலன்னு நினைச்சாங்க, சந்தோஷம்தான், ஆனா ஒரு மாசம் முன்னாடியே கொண்டாடிட்ட சந்தோஷம் அது. ஆரம்பத்துல ஸ்கேன் வேணாம், கரு சூடு தாங்காதுன்னு அத்தை தடுத்தாங்க, நானும் நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். அஞ்சாம் மாசத்துல முதல் ஸ்கேன், கொஞ்சம் சின்னதா இருக்கு, முட்டை சாப்பிடுன்னாங்க. ஆறு நாள் முன்னாடி டாக்டர் மெர்சி நேராவே கேட்டாங்க, தேதி நிச்சயமா, சிலருக்குத் தேதி தப்பா இருந்தாலும் இப்படித் தெரியும். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அத்தை, "பங்குனி ஆறு டாக்டரம்மா, சித்திரையில காப்புக் கட்டுனப்ப இவ வீட்டுலதான் இருந்தா, திரௌபதை அம்மன் சத்தியமாச் சொல்றேன்"ன்னுட்டாங்க. சத்தியம் பண்ணிட்டாங்க, இனி நான் என்னத்தச் சொல்ல?

டக் டக் டக், இப்ப வேற சத்தம், கொர்ர்ர்ன்னு இழுக்குது. அது தீட்டா இல்லாம சும்மா கசிவா இருந்திருந்தா? இருக்கலாம்ல, முழுகாம இருக்கறப்பவே சிலருக்குப் படும்னு நானே பாடம் நடத்தியிருக்கேன். அப்படீன்னா அத்தை சொன்ன தேதிதான் சரி, இருபத்தெட்டு வாரம்தான் சரி, மூளை வழவழதான், அம்மன் என்னைத் தண்டிச்சுட்டா, அவர் காலை எடுத்தா, இப்ப பிள்ளை தலையில கை வச்சுட்டா. சீ, என்ன பேச்சு பேசற, ஒரு டீச்சர் பேசற பேச்சா இது, அம்மனுக்கு வேற வேலை இல்லையா, வயித்துல இருக்கிறதோட மூளையில கோடு அழிச்சுக்கிட்டு இருப்பாளா? ஆனா பயம்னு வந்துட்டா டீச்சராவது ஒண்ணாவது. ஆறு நாளா இதே சுத்து, கசிவுதான், இல்ல தீட்டுதான், கசிவு, தீட்டு. கசிவுன்னா மூணு நாளா? மூணு நாளும் இடுப்பு ஒடிஞ்சுதே, பன்னெண்டு வயசுல இருந்து எனக்கு எப்படி வருமோ அப்படியேதானே வந்துது, யாரை ஏமாத்தற? சரி, தீட்டுன்னே வை. வச்சு எண்ணு. சித்திரை நாலுல இருந்து எண்ணு. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, இன்னைக்குப் புரட்டாசி பதினஞ்சு, இருபத்திநாலு. இருபத்திநாலு வாரம்! இரு இரு இரு. டாக்டர் அன்னைக்கு வழவழன்னு சொன்னதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னாங்களே, அது காதுல விழுந்துது, மண்டையில ஏறல, பின்பக்க வெட்டு இருக்கு, பார்வைப் பள்ளம் இருக்கு, நடுப்பள்ளம்தான் இன்னும் தெரியலன்னாங்களே! இருபது வந்துடுச்சு, இருபத்திரெண்டு வந்துடுச்சு, இருபத்திநாலு வரப்போகுது! ஐயோ, இது பின்தங்கின மூளை இல்ல, இது சின்னப் பிள்ளையோட மூளை, நேரத்துக்குச் சரியா வந்துட்டிருக்கு, ஒரு வரி கூடத் தப்பாம வந்துட்டிருக்கு, நான் பொய் சொன்னாலும் அத்தை சத்தியம் பண்ணினாலும் அது தன் தேதியைத் தானே எழுதிக்கிட்டு வருது! எழுந்து குதிக்கணும் போல இருக்கு, குதிக்கக் கூடாது, மூச்சைக் கூடப் பெருசா விடக் கூடாது. கட்டை விரலை மட்டும் மடக்கி மடக்கி நீட்டறேன். அதுக்குள்ள அடுத்த நினைப்பு வந்து ஜில்லுன்னு அடிக்குது. வளர்ச்சி இப்படியே இருந்தா முப்பத்திரெண்டு வாரத்துல ஆபரேஷன் பண்ணி எடுத்துடறது நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களே. அவங்க கணக்கு முப்பத்திரெண்டுன்னா பிள்ளைக்கு அது இருபத்தெட்டு. மடிப்பு பாதி கூட விழாத பிள்ளையை, மூச்சு விடத் தெரியாத பிள்ளையை, நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்ங்கற ஒரே காரணத்துக்காக வெளிய எடுத்துடுவாங்க. அடிப்பாவி. அவர் காலுக்கே இன்னும் பதில் சொல்லல நீ.

சத்தம் நின்னுடுச்சு. "தமிழரசி, டாக்டர் மெர்சி பேசறேன். படம் இப்ப நல்லா வருது. ஒண்ணே ஒண்ணு மறுபடி கேட்கணும். கடைசியா நீங்க தலைக்குக் குளிச்ச தேதி..." முடிக்கல, காலடியில இருந்து அத்தை ஆரம்பிச்சிட்டாங்க, "அதான் சொன்னனே டாக்டரம்மா, பங்குனி ஆறு..." "இல்லத்தை." என் குரலா அது, குழாய்க்குள்ள மோதி எனக்கே திரும்பி வருது. "டாக்டர், சித்திரை நாலு. சித்திரை நாலு சாயங்காலம் வந்துது, மூணு நாள் இருந்துது. காப்புக் கட்டினதால நான் யார்கிட்டயும் சொல்லல." சொல்லிட்டேன். இதயம் அடிக்கிற அடியில படம் கலைஞ்சுடப் போகுது. "சித்திரை நாலுன்னா ஏப்ரல் பதினேழு," டாக்டர் யார்கிட்டயோ சொல்றாங்க, தாள் புரட்டற சத்தம், "இருங்க." இருக்கேன். இருக்காம எங்க போறது. எத்தனை நேரம், ஒரு நிமிஷமா, ஒரு பீரியடா. "தமிழரசி, இருபத்திநாலு வாரத்துக்கு என்னென்ன வரி இருக்கணுமோ அது எல்லாம் இருக்கு. நடுப்பள்ளம் ரெண்டு பக்கமும் லேசா ஆரம்பிச்சிருக்கு, நான் இப்ப அதைத்தான் பார்த்துட்டிருக்கேன். தலை அளவும் ஒத்துப் போகுது. இன்னும் ரெண்டு படம் பார்த்துட்டு முழுசாச் சொல்றேன், ஆனா பயப்படற மாதிரி எனக்கு ஒண்ணும் தெரியல. இதை நீங்க ஆறு நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும்மா, டீச்சர்தானே நீங்க?" திட்டுங்க டாக்டர், நல்லாத் திட்டுங்க, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். வந்துடுச்சு, என் பிள்ளைக்கு நடுப்பள்ளம் வந்துடுச்சு, ரெண்டு பக்கமும்!

"எம்புள்ள கால் வெந்துச்சு." அத்தை. மெதுவாத்தான் சொன்னாங்க. "ஊரு முன்னாடி நிக்க வச்சு, அம்மன் மேல பொய்ச் சத்தியம் பண்ண வச்சுட்டியேடி பாவி." "ஆமாத்தை." அவங்க முகம் எனக்குத் தெரியல, குழாயோட வெள்ளை மட்டும்தான் தெரியுது, அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான், தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். அடுத்து, என்கிட்ட இல்ல, டாக்டர்கிட்ட கேட்கறாங்க, "அப்ப எப்பம்மா பொறக்கும்?" "ஜனவரி இருபத்திரெண்டு வாக்குலம்மா." "பொங்கல் கழிச்சா?" "ஆமாம்மா." "தையிலயா?" அந்தக் குரல் உடைஞ்சுது. மார்கழியில பொறக்கப் போகுதேன்னு ஊர்ல ஒருத்தர் விடாம உச்சுக் கொட்டினதுக்கெல்லாம் அஞ்சு மாசமா பதில் சொல்லிட்டிருந்தவங்க அவங்கதான். தையிலயா, தையிலயான்னு இன்னும் ரெண்டு தடவை தனக்குத் தானே கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் மூக்கை உறிஞ்சிட்டு, "அவன் வெளிய குந்தியிருக்கான். நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்." "நானே சொல்றேன் அத்தை." "கோவப்பட மாட்டான். அழுவான். அவன் அழுதா கூடச் சேந்து நீ அழாத, புள்ளைக்கு ஆவாது. நான் பக்கத்துல நிக்கறேன்." ஜான்சி குரல் குறுக்க வருது, "கடைசி ரெண்டு படம், அக்கா, ஆடாதீங்க." டக் டக் டக் டக், மறுபடி ஆரம்பிச்சிட்டான். கண்ணுல இருந்து இறங்கின தண்ணி கன்னம் வழியாப் போய் இடது காதுப் பஞ்சை நனைக்குது, துடைக்காம அப்படியே கிடக்கறேன்.